ஹெக்சேன் போத்தலும் 16 பகுதிகளும்

மலேசியாவின் குளுவாங்கைச் சுற்றியுள்ள செம்பனை ஆலைகளில் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், ஒவ்வொரு இரசாயனத்தின் ஆபத்தையும் அதைக் கையாளும் முறையையும் விளக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள்கள் அடங்கிய ஒரு தடித்த கோப்பைக் கொடுத்துக் கையெழுத்திடச் சொன்னார்கள். படித்துவிட்டதாகக் கையெழுத்திட்டேன், உண்மையில் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை. இப்போது புதிதாக வரும் பிள்ளைகளிடம் அந்தக் கோப்பை அப்படியே நீட்டாமல், ஒரே ஒரு பொருளின் தாளை எடுத்துவரச் சொல்கிறேன். அது ஹெக்சேன். பிழிந்த நார்ச்சக்கையில் எவ்வளவு எண்ணெய் வீணாகிறது என்பதை அறிய, எண்ணெயைக் கரைத்துப் பிரிக்கும் சாக்ஸ்லெட் கருவியில் நாங்கள் தினமும் கொதிக்கவிடும் கரைப்பான்.

தாளில் 16 பகுதிகள் உண்டு. அவற்றை வரிசையாகப் படிப்பவருக்குத் தூக்கம்தான் வரும். நான் முதலில் காட்டுவது 9ஆம் பகுதியை. ஹெக்சேனின் கொதிநிலை ஏறத்தாழ 69 டிகிரி; பொறி பட்டால் அதன் ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலையோ சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியைவிடவும் தாழ்ந்தது; அதன் ஆவி காற்றைப் போல மூன்று மடங்கு கனமானது. இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்தால், திறந்த போத்தலிலிருந்து எழும் ஆவி மேலே போகாமல் மேசையிலிருந்து வழிந்து, தரையோடு ஊர்ந்து, அறையின் மறுமூலையில் இருக்கும் மின்னடுப்பைச் சென்றடையக்கூடும் என்பது விளங்கும். 2ஆம் பகுதியிலுள்ள தீச்சுவாலைப் படம் சொல்லாத வழியை இந்த எண்கள் சொல்லிவிடுகின்றன.

அடுத்தது 4ஆம் பகுதி. எதையாவது தவறி விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பது தோட்டத்து வீடுகளில் பலருக்கும் பழக்கம். ஹெக்சேன் விஷயத்தில் அதைச் செய்யவே கூடாது என்று தாள் எச்சரிக்கிறது. பிசுபிசுப்பு மிகக் குறைந்த திரவம் என்பதால், வாந்தியெடுக்கும்போது அது நுரையீரலுக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

8ஆம் பகுதியில்தான் எனக்குச் சண்டை. எங்களுக்கு முதலில் வந்த தாளில் 'பொருத்தமான கையுறை' என்று மட்டும் இருந்தது. எது பொருத்தம்? பால்மரம் சீவிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஊர் என்பதால் ரப்பர் கையுறையின் மேல் எங்களுக்கு ஒரு பாசம் உண்டு. ஆனால் ஹெக்சேன் பட்டால் அது உப்பி, விரைவில் உள்ளே கசியவிட்டுவிடும். நைட்ரில் கையுறைதான் தாக்குப்பிடிக்கும். அதே பகுதியில் சாதாரண ஹெக்சேனுக்கு (என்-ஹெக்சேன்) காற்றில் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு, என்ற எட்டு மணி நேரச் சராசரி வரம்பும் இருக்கும். அந்த வரம்பின் காரணம் 11ஆம் பகுதியில் கிடைக்கிறது: உடலுக்குள் அது வேறொரு பொருளாக மாறி, நெடுநாள் சுவாசிப்பவரின் கைகால் நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. ஹெக்சேன் என்ற பெயரில் பல கலவைகள் விற்கப்படுவதால், போத்தலில் சாதாரண ஹெக்சேன் எவ்வளவு என்பதை 3ஆம் பகுதியில் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண ஹெக்சேனின் சிஏஎஸ் பதிவெண் (இரசாயனங்களை அடையாளம் காட்டும் எண்) 110-54-3.

இணையத்திலிருந்து இறக்கிய வெளிநாட்டுத் தாளைக் கோப்பில் செருகுவது எங்கள் கூடத்தின் பழைய நோய். அதன் முதல் பகுதியிலுள்ள அவசரத் தொலைபேசி எண் எங்கோ ஐரோப்பாவில் ஒலிக்கும். இரசாயனத் தாள்கள் பற்றிய மலேசியாவின் 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி விநியோகிப்பாளர் மலாயிலும் ஆங்கிலத்திலும் தாள் தர வேண்டும். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் அக்கா மலாய் நன்றாகப் படிப்பார் என்பதால், நான் விடாமல் கடிதம் எழுதி மலாய்ப் பிரதியை வாங்கினேன்.

அதைப் படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, மீந்த ஹெக்சேனைக் கழுவுதொட்டியில் ஊற்றலாமா என்பது. 13ஆம் பகுதி 'உள்நாட்டுச் சட்டப்படி அகற்றவும்' என்பதோடு நின்றுவிட்டிருந்தது. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (அபாயகரமான கழிவு) விதிமுறைகளில் அதற்குரிய குறியீடு எஸ்டபிள்யூ 322. அந்தக் குறியீட்டைப் பெரிய எழுத்தில் எழுதி, மூடியுள்ள ஒரு கழிவுக் கலத்தில் ஒட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்தோம்.