என் வாட்டர் வாஷுக்கு இசைவாணை வாங்கிய கதை

ஆறு வருஷமாக கார், பைக் சர்வீஸ் பட்டறை நடத்துகிறேன். தொழில் உரிமம் இருந்தது, ஜிஎஸ்டி இருந்தது, பட்டறைக்கு இன்சூரன்ஸ்கூட எடுத்திருந்தேன். மாசு கட்டுப்பாட்டு வாரியம் என்பதெல்லாம் சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலைக்காரர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். 2011இல் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது பேப்பரில் படித்துவிட்டு, ஐயோ பாவம் என்று அடுத்த பக்கம் புரட்டியவன் நான்.

போன ஐப்பசி மழையில் வாஷ் பண்ணும் மேடை நிரம்பி, எண்ணெய்ப் படலத்தோடு தண்ணீர் சாலையோரக் கால்வாயில் வழிந்து பின்பக்க வாய்க்கால் வரை போய்விட்டது. யாரோ போட்டோ எடுத்துப் புகார் கொடுத்தார்கள். கொடுத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தப் போட்டோவை நானும் பார்த்தேன், வானவில் மாதிரி மின்னியது. இரண்டு வாரத்தில் விளக்கம் கேட்டு மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸில் 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் என்று பிரிவு எண்களாக இருந்தன. இசைவாணை, அதாவது வாரியம் எழுத்தில் தரும் அனுமதி, இல்லாமல் கழிவுநீரை வெளியே விடுவது 25ஆம் பிரிவை மீறுவது, சரி. எனக்கு வயிற்றைக் கலக்கியது 33ஏ பிரிவுதான். பட்டறையை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் உத்தரவிட அதில் வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது. கரண்ட் இல்லாவிட்டால் என் லிஃப்டும் கம்ப்ரசரும் வெறும் இரும்பு.

மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2016இல் தொழில்களை மாசின் அளவை வைத்து சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்தது. வெள்ளை என்றால் தகவல் தெரிவித்தால் போதும். பஞ்சர் ஒட்டுவதைவிடக் கொஞ்சம் பெரிய வேலைதானே, நாம் வெள்ளையில்தான் வருவோம் என்று நம்பிக்கொண்டு பட்டியலைத் திறந்தால், வாகன சர்வீஸ், ரிப்பேர், பெயின்டிங் எல்லாம் ஆரஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஆக, முதலில் நிறுவுவதற்கான இசைவாணை, அப்புறம் இயக்குவதற்கான இசைவாணை. ஆறு வருஷமாக ஓடும் பட்டறையை 'நிறுவ' அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது.

விண்ணப்பம் ஆன்லைன்தான். நிலப் பத்திரம், கட்டட வரைபடம், நில வகைப்பாட்டுச் சான்று, வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்ற படம், இதோடு பட்டறையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள நீர்நிலை, வீடு, பள்ளி, கோயில், வயல் எல்லாம் குறித்த வரைபடம். கட்டணம் மொத்த நிலையான சொத்து மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது, அதற்கு ஆடிட்டர் சான்று வேண்டும். நான் தேய்மானம் போக இயந்திரங்களின் மதிப்பை மட்டும் போட்டு வாங்கிவிட்டேன். நிலமும் கட்டடமும் சேரும், தேய்மானம் கழிக்கக் கூடாது. கட்டணம் குறைந்துபோய் விண்ணப்பம் திரும்பி வந்தது. இதில் போனது பத்து நாள்.

உண்மையாக மாட்டிக்கொண்ட இடம் தண்ணீர்க் கணக்கு. ஒரு நாளைக்கு எத்தனை கிலோலிட்டர் எடுக்கிறீர்கள், எதற்கு எவ்வளவு, கழிவாக எவ்வளவு, அது எங்கே போகிறது என்று கட்டம் கட்டமாகக் கேட்பார்கள். மாடியில் 3,000 லிட்டர் டேங்க், தினமும் இரண்டு முறை மோட்டார் போடுகிறோம், எனவே 6 என்று எழுதினேன். கழிவு நீருக்கு வாஷ் 3, கழிவறை 0.4 என்று குத்துமதிப்பாகப் போட்டேன். ஆய்வுக்கு வந்த பொறியாளர் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "மீதி 2.6 எங்கே போகுது சார்?" அவர் கேட்ட தொனியில் குற்றம் சாட்டல் எதுவும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குத்தான் தெரியவில்லை. ரகசியமாக எங்கோ விடுகிறேன் என்றுதான் அந்தக் காகிதம் சொன்னது.

இதற்கு நடுவில் ஒரு நண்பர், "பேசாமல் இரு, நாலு மாதத்தில் பதில் வராவிட்டால் தானாகவே இசைவு கிடைத்த மாதிரிதான், சட்டத்திலேயே இருக்கு" என்றார். இருக்கத்தான் இருக்கிறது, 25ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவு. ஆனால் எல்லா வகையிலும் முழுமையான விண்ணப்பத்துக்குத்தான் அந்த நான்கு மாதம். 2.6 கிலோலிட்டர் காணாமல் போன விண்ணப்பத்தை முழுமையானது என்று எந்த முகத்தோடு சொல்வது?

போர்வெல் குழாயில் ஒரு மீட்டரும், வாஷ் மேடைக்குப் போகும் குழாயில் ஒன்றும் மாட்டினேன். மூன்று வாரம் காலையும் மாலையும் பையன் நோட்டில் எழுதினான். ஒரு காருக்கு சராசரி 180 லிட்டர், பைக்குக்கு 40. நாளுக்கு 12 கார், 25 பைக் என்றால் 3,160. தரை கழுவ 300. ஒன்பது பேர் வேலை செய்கிறோம், ஆளுக்கு 45 வீதம் 405. செடிகளுக்கு 200. கூட்டினால் 4,065. ஆனால் போர்வெல் மீட்டர் ஆறாயிரத்துக்குப் பக்கத்தில் காட்டியது. கடைசியில் டேங்க்கின் மிதவை வால்வு பழுது. நிரம்பி வழிந்த தண்ணீர் பின்சுவர் ஓரமாக ஒரு குழாயில் இறங்கி நேராக மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆறு வருஷமாக நல்ல தண்ணீரை மோட்டார் போட்டு ஏற்றி இறக்கியிருக்கிறேன். வால்வை மாற்றிய மாதம் கரண்ட் பில் குறைந்தது, அது வேறு.

கழுவும் தண்ணீரில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆவியாகவும் வண்டியோடு ஈரமாகவும் போய்விடும் என்று கழித்து, சுத்திகரிப்புத் தொட்டிக்கு வருவது 3.1 என்று திருத்திக் கொடுத்தேன். நிறுவும் இசைவாணை அதன் பிறகுதான் வந்தது.

அடுத்தது தொட்டி. மூன்று அறை எண்ணெய் பிரிப்பான் கட்டி, பின்னால் மணல் வடிகட்டி வைத்து, முதல் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், எனக்கு 38. தொட்டி கட்டிய மேஸ்திரியைத் திட்டினேன், அவர் மேல் தப்பே இல்லை. என்ஜினை மண்ணெண்ணெயும் ஷாம்பூவும் போட்டுக் கழுவும்போது எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து தண்ணீரோடு பால் மாதிரி கலந்துவிடுகிறது. அப்படிக் கலந்தது எவ்வளவு நேரம் நின்றாலும் சுலபமாக மேலே மிதந்து வராது. என்ஜின் கழுவுவதைத் தனி டிரேக்கு மாற்றினோம், ஷாம்பூவைக் குறைத்தோம். அறைக்கு அறை போகும் குழாயில் 'T' வடிவ இணைப்பு மாட்டி அதன் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறக்கினோம், அதனால் மேலே மிதக்கும் எண்ணெய் அடுத்த அறைக்குப் போவதில்லை. மேடைக்குக் கூரை போட்டு, சுற்றிலும் சின்னத் திண்டு கட்டி மழைநீரை வெளியே திருப்பினோம். மொத்தச் செலவில் அதிகம் பிடித்தது இந்தக் கூரைதான், ஆனால் தொட்டிக்குள் மழை புகுந்தால் மேலே சேர்ந்த எண்ணெய் முழுக்க ஒரே தள்ளில் வெளியே போய்விடும் என்பதை ஐப்பசியில் பார்த்துவிட்டேனே. இரண்டாவது மாதிரி 7.

ஜெனரேட்டர் சின்ன வேலை. அதன் திறன் 25 கேவிஏ. புகைக்குழாய் உயரம் கட்டட உயரத்தோடு கேவிஏவின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கிக் கூட்டினால் வரும், எனக்கு ஒரு மீட்டர் கூடுதல். ஜன்னல் வழியாக நீட்டியிருந்த குழாயை மேலே ஏற்றினேன், முடிந்தது.

பழைய ஆயில் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேரலில் சேர்த்து, பைக்கில் வரும் ஒருவருக்கு விற்போம், ரொக்கம். அவர் சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கொடுக்கிறார் என்று தெரியும், மேற்கொண்டு கேட்டதில்லை. 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் இது முதல் அட்டவணையில் 5.1 என்ற எண்ணில் இருக்கிறது. தனி அங்கீகாரம் வாங்க வேண்டும், 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் கொடுக்க வேண்டும், அனுப்பும்போது படிவம் 10, தினசரிப் பதிவுக்கு படிவம் 3, வருடக் கணக்கு படிவம் 4 ஜூன் 30க்குள். ஆரம்பத்தில் இதை வெறும் காகித வேலை என்று சலித்துக்கொண்டேன். பதிவேட்டை ஒரு மாதம் எழுதியதும், மாற்றிய ஆயிலுக்கும் பேரலில் சேர்ந்ததற்கும் முப்பது லிட்டர் வித்தியாசம் வந்தது. பையன்கள் கையும் ஸ்பேனரும் கழுவிவிட்டு வாளியோடு எங்கே கவிழ்க்கிறார்கள் என்று அப்போதுதான் போய்ப் பார்த்தேன்.

இயக்கும் இசைவாணை கையில் கிடைக்க நோட்டீஸ் வந்த நாளிலிருந்து எட்டு மாதம் ஆனது. அதில் வாரியத்தில் ஃபைல் இருந்த நாளைவிட என் மேஜையில் இருந்த நாள்தான் அதிகம். இப்போது தொடங்குகிறவர்கள் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் மீட்டரை மாட்டிவிடுங்கள், மூன்று வார எண்கள் கையில் இருந்தால் பாதிக் கேள்விகளுக்கு அதுவே பதில்.

என் வாஷ் மேடை மீட்டர் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கிறது. பையனும் சமர்த்தாக அதையே தினமும் இரண்டு வேளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். நாளைக்கு பிளம்பர் வருகிறார்.