ஷீட்ல இருக்கு பாய்

“ஷீட்ல இருக்கு பாய், பாத்துக்கங்க.”

நான் சொன்னது இவ்வளவுதான். ஷீட் என்றால் எந்தப் பொருள், என்ன தரம் என்று நாங்கள் கணினியில் வைத்திருக்கும் பட்டியல். பாய் எங்கள் சைட்டுக்குச் சரக்கு எடுத்துத் தரும் கடைக்காரர். அவர் கேட்டதும் பெரிய கேள்வி இல்லை. “தம்பி, கம்பெனி பேப்பர்ல த்ரீ நாட் ஃபோரும் போட்டிருக்கு, த்ரீ ஒன் சிக்ஸும் போட்டிருக்கு. கோடு நம்பர் ரெண்டுக்கும் ஒண்ணாத்தான் இருக்கு. எதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா ஆர்டர் போட்டிருவேன்.” வாசலில் கான்கிரீட் லாரி நின்றது. ஒரு கையில் போன், மறுகையில் சலான். “த்ரீ ஒன் சிக்ஸ்” என்று சொல்லியிருக்கலாம். அதற்கு என் பதிலை விடக் குறைவான நேரமே ஆகியிருக்கும்.

கடல் பக்கத்து மாடிக் கைப்பிடிக்கான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் அது. 304, 316 இரண்டும் அந்த ஸ்டீலின் தரங்கள். 316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகத்தைச் சேர்ப்பார்கள், 304-ல் சேர்ப்பதில்லை. உப்புக் காற்றின் குளோரைடு புள்ளி புள்ளியாக அரிப்பதை 316 கூடுதலாகத் தாங்குவது அதனால்தான். பார்வைக்கு இரண்டும் ஒன்று. பொதுவாக இரண்டிலும் காந்தம் ஒட்டாது. அதனால் சைட்டில் நிற்பவனுக்குக் காகிதம் சொல்வதுதான் உண்மை. 2025-ல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் போகிற கம்பியையே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போட்டார்கள். இங்கே வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஷீட்டைக் கொண்டுவந்தவன் நான். அதற்கு முன்பு டெஸ்ட் சர்டிபிகேட் எல்லாம் வாட்ஸப் போட்டோவாக வரும். எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் ஹீட் நம்பர் கலங்கிப் போயிருக்கும். 3-ஆ 8-ஆ என்று யாருக்கும் தெரியாது. தயாரிப்பாளர் தருகிற தகவலை ஒரே இடத்தில் போட்டு, டிசைன் பார்ப்பவர், வாங்குபவர், கடைக்காரர், சைட் என்று எல்லோரும் அதையே பார்க்க வேண்டும் என்று மாசக்கணக்கில் சண்டை போட்டு வாங்கினேன். பலனும் கிடைத்தது. ஒருமுறை எஃப்இ 500டி என்ற தரம் போட்டு வந்த கான்கிரீட் கம்பிக் கட்டின் தகட்டில் இருந்த ஹீட் நம்பர் ஷீட்டில் இருந்த சர்டிபிகேட்டோடு பொருந்தவில்லை. சரியான சர்டிபிகேட்டை வரவழைத்துப் பார்த்தால் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்து 0.075 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இவை குறைவாக இருப்பதுதான் நல்லது. வெறும் எஃப்இ 500-க்கு அந்த அளவு பரவாயில்லை, 500டி-க்கு ஆகாது. லாரியை அப்படியே திருப்பினோம். அன்று எனக்கு இருந்த நிறைவை இன்றும் மறைக்க மாட்டேன்.

அந்த நம்பிக்கையில்தான் பாயிடம் அப்படிச் சொன்னேன். ஷீட்டிலும் 316 என்றுதான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்பியது யார்? பத்தியின் தலைப்பு ‘தயாரிப்பாளர் அறிவித்த தரம்’. தயாரிப்பாளர் அறிவித்தது ‘304 / 316’. நான் வைத்த கீழிறங்கும் பட்டியல் ஒரே ஒரு விடையைத்தான் ஏற்கும். எங்கள் டிசைனில் கேட்டது 316. அதைத் தேர்ந்தெடுத்தேன். பொருந்துகிறது என்று கட்டம் பச்சையானது. எங்களுக்கு வேண்டியதை அவர்கள் வாக்காக எழுதிவிட்டேன் என்பது அப்போது உறைக்கவே இல்லை. டிசைன் பார்ப்பவர் பச்சையைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். பாய் கோடு நம்பரை மட்டும் போட்டு ஆர்டர் செய்தார். தரம் குறிப்பிடாத ஆர்டருக்கு அந்த ஆலை 304-தான் அனுப்பும். இன்வாய்சிலும் அதே கோடு நம்பர். பொருந்திவிட்டது.

ஒரு வாடைக்காலம் தாண்டியது. மேல்பக்கம் மழை கழுவிப் பளபளவென்று இருந்தது. அடியில் விரலை ஓட்டினால் பழுப்பாக வந்தது. வெல்டு வைத்த ஒவ்வொரு மூட்டையும் சுற்றி டீ டம்ளர் வைத்து எடுத்த மாதிரி ஒரு வளையம். சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டுப் பார்த்தோம். மாலிப்டினம் இருந்தால் நிறம் மாற வேண்டும். மாறவில்லை.

கூட்டத்தில் ஷீட்டைத் திரையில் போட்டேன். “ஷீட்ல 316-னு தெளிவா இருக்கே, அப்புறம் எப்படி 304 வந்துச்சு?” என்று பாயைக் கேட்டார்கள். “நான் கேட்டேனே தம்பி” என்றார் என்னைப் பார்த்து, ஒரே ஒரு தடவை. “ஷீட்ல இருக்குன்னு சொன்னேனே பாய்” என்றேன். கடல் பக்கக் கைப்பிடியை மாற்றிய செலவில் பாதியை அவருடைய பில்லில் பிடித்தார்கள். அந்தக் கட்டத்தை யார், எப்போது நிரப்பினார்கள் என்பது ஷீட்டின் திருத்த வரலாற்றில் பதிவாகியிருக்கும்; ஒரு சொடுக்கில் தெரியும். யாரும் கேட்கவில்லை. நானும் திறந்து காட்டவில்லை.

316 போட்டிருந்தாலும் கறை வந்திருக்கும் என்று எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். அதில் உண்மையும் உண்டு. வெல்டு வைத்த இடத்தை அமிலப் பசை போட்டுச் சுத்தம் செய்யாவிட்டால், சாதா இரும்பு அறுத்த டிஸ்க்கையே இதற்கும் போட்டால், மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் 316-உம் கடலோரத்தில் பழுக்கும். எங்கள் சைட்டில் இந்த மூன்றில் எதையும் யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கணக்கில் என் பங்கு எவ்வளவு? போட்டுப் பார்க்கும்போதெல்லாம் ஒவ்வொரு விடை வருகிறது.

லண்டனில் 2017-ல் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்த பிறகு கட்டட விதிகளை ஆராய்ந்து ஜூடித் ஹாக்கிட் என்பவர் தந்த அறிக்கை, கட்டடத்தின் தகவல் தொடக்கம் முதல் கடைசி வரை அறாத தங்க இழையாக வர வேண்டும் என்கிறது. அதைப் படித்துத்தான் எனக்கு இந்த வேலையில் பிடிப்பு வந்தது. கட்டுமானப் பொருளின் பண்புகளை எந்த அமைப்பில் எழுத வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 23387 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அமைப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் என் விரல் செய்ததை அது தடுத்திருக்குமா, தெரியவில்லை. இப்போது ஷீட்டில் மூன்று பத்திகள்: கேட்டது, ஆலை சொன்னது, வந்து இறங்கியது. நல்ல மாற்றம்தான். ஆனால் மூன்றாவது பத்தியையும், வந்த சரக்கைத் திறந்து பார்க்காமல், இரண்டாவதிலிருந்து நகலெடுத்து நிரப்புகிறார்கள். போன மாசம் அவசரத்தில் நானே இரண்டு வரி அப்படி நிரப்பினேன்.

மேனேஜரிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். “முடிஞ்சு போச்சு, விடுங்க” என்றார். பாயிடம் இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் ராமநாதபுரம் கடைக்குப் போயிருந்தேன். பாயின் மகன் இப்போது கணினியில் ஷீட்டைத் திறந்துதான் ஆர்டர் போடுகிறான். “அண்ணே, இது பச்சையா இருந்தா என்ன அர்த்தம்?” என்று கேட்டான். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பத்தியாகச் சொல்லிக்கொடுத்தேன். பாய் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. கிளம்பும்போது, “தம்பி, அந்த போல்ட்டு எந்த கிரேடு? வாயால ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க” என்றார்.

சொன்னேன்.