உகந்தை மலையில் கேட்ட பனிமலைக் கதை

பொத்துவில் தாண்டி, பாணமை தாண்டி, கிறவல் பாதையில் போனால் உகந்தை. அம்பாறை மாவட்டத்தின் தென்கோடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் குமண காடு, நடுவில் முருகன். கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு ஊர் முடிகிற இடம் இதுதான். காட்டுப்பாதை திறக்கும்வரை கோயிலடியிலேதான் தங்கல். அன்னதானம், பசனை, கடற்குளிப்பு, கல்தோணி என்கிற தோணி மாதிரியான பாறையைப் பார்த்தல் என்று பொழுது போய்விடும்.

மட்டக்களப்பிலிருந்து நடந்த எங்கள் குழுவில் இந்த முறை அக்காவின் மகளும் இருந்தாள். சுவிஸில் பிறந்தவள், அங்கே பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கிறாள். தாய் வைத்த நேர்த்தியை மகள் காலால் தீர்க்கிறாள் என்று பெரியம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

விடிய வள்ளியம்மனைக் கும்பிட மலையேறினோம். ஆடிக் கச்சான் காற்று அடித்து நிலமெல்லாம் காய்ந்து கிடந்தது. பாறைக் குழிகளில் சுனைத் தண்ணீர். அதை உள்ளங்கையில் அள்ளித் தலையில் தெளித்தபோது நடந்த களைப்பெல்லாம் போனது போல இருந்தது. முருகன் இருக்கிற இடத்தில் தண்ணீருக்கு என்ன குறை! மருமகளைத் தேடினால், பாறை வெடிப்பில் முளைத்திருந்த ஒரு புல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறாள்.

"இப்பிடித்தான் மாமா அங்கேயும் மலையுச்சியில குந்தியிருந்து செடி எண்ணுவம்" என்றாள். மறுகா அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

கிழக்கு சுவிஸில் பிட்ஸ் லினார்ட் என்றொரு மலை. உயரம் 3,410 மீற்றர். 1835இல் ஒஸ்வால்ட் ஹேர் என்ற அறிஞர் ஏறிப் பார்த்தபோது உச்சியில் பூக்கும் செடி ஒரே ஓர் இனம்தான் இருந்தது. அந்த்ரோசாசே அல்பினா என்று பெயர். கல்லோடு ஒட்டி மெத்தை மாதிரிப் படர்ந்து, சின்னதாய் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாய்ப் பூக்குமாம். அவருக்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் அதே உச்சிக்குப் போய் எண்ணியிருக்கிறார்கள். 1937இல் 10 இனங்கள், 2011இல் 16. ஒரே மலைக்குத் திரும்பத் திரும்பப் போகிற வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல போலும்.

"கூடியிருக்குத்தானே, நல்லதுதானே?" என்றேன்.

அவள் கீழே கையைக் காட்டினாள். கோயில் வீதி முழுக்கக் கூடாரம், சனம். "இண்டைக்கு இந்தச் சனத்தை எண்ணிப்போட்டு, உகந்தையில இவ்வளவு பேர் வாழுறாங்க எண்டு எழுதலாமா மாமா?"

புதிதாய் உச்சிக்கு வந்தவை எல்லாம் கீழே இருந்தவைதானாம். 100 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 0.6 பாகை குளிரும். பூமி சூடாகச் சூடாக, பழகிய குளிரைத் தேடிச் செடிகள் மேலே நகர்கின்றன. ஐரோப்பாவில் 302 சிகரங்களின் பழைய கணக்குகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வந்தது. 87 வீதமான சிகரங்களில் இனங்கள் கூடியிருந்தன. அதிலும் 2007 முதல் 2016 வரை கூடிய வேகம், ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பத்தாண்டைப்போல ஐந்து மடங்கு. ஆனால் நம் சனம் திருவிழா முடியப் போய்விடும், அந்தச் செடிகள் போகா. வேகமாக உயர்ந்து வளர்கிறவை வெளிச்சத்தை மறைக்க, மெல்ல வளரும் பழைய குடிகள் ஒடுங்கிப் போகும்.

உடனே சாவதும் இல்லையாம், அதுதான் ஏமாற்று. உயர்மலைச் செடிகளுக்கு ஆயுசு நீளம், சில கோரைகள் ஒரே வேரிலிருந்து பரவி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் நிற்கும். விதை முளைப்பது நின்றபிறகும் பழையவை பச்சையாகவே தெரியும். ஒருமுறை போய்ப் பார்க்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. அதனால்தான் 2001 முதல் ஐரோப்பிய மலைகளில் குறித்து வைத்த அதே கட்டங்களைச் சில ஆண்டுகளுக்கொருமுறை போய் எண்ணுகிறார்கள். வடக்கு மலைகளில் இனம் கூடுகிறது. மத்தியதரைக் கடற்பக்கம் அப்படிக் கூடவில்லை, பல உச்சிகளில் குறைந்தே விட்டது. அங்கே கோடையில் தண்ணீர் போதாது. உகந்தைக் கச்சானில் நின்று கேட்டவனுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இலங்கையில் இப்படி மரமே முளைக்காத குளிர் உயரம் கிடையாது. பிதுருதலாகல உச்சியே 2,524 மீற்றர்தான். கேதார்நாத்தில் சிவனுக்குச் சாத்துகிற பிரம்மகமலம் அந்த மாதிரி உயரத்துப் பூ என்று அவள் சொன்னதும்தான் பெரியம்மா பக்கத்தில் வந்து குந்தினார்.

"அப்ப மேல இடம் முடிஞ்சா பக்கத்து மலைக்குப் போகட்டுமே புள்ள?"

"நடுவில பள்ளத்தாக்கு, பெரியம்மம்மா. கீழ இறங்க இறங்கச் சூடு. விதையும் அவ்வளவு தூரம் போகாது."

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. பூசை மணி கேட்டு இறங்கினோம். அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயரிடம் குடும்பத்தார் பெயர், நட்சத்திரமெல்லாம் சொல்லி முடித்தோம். "அந்தச் செடிட பேரையும் சொல்லு" என்றார் பெரியம்மா. அவளும் சொன்னாள். ஐயர் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார், நட்சத்திரமும் இல்லை. சரி என்று சுவாமி பெயருக்கே செய்துவிட்டார்.