பேரி மரத்துக்குத் துணை தேடுதல்

நண்பர் வீட்டுப் பேரி மரம் நன்றாயிருக்கிறதென்று அதிலிருந்தே குச்சி வெட்டி ஒட்டுக் கட்டினால், எத்தனை கன்று வைத்தாலும் மரபணுக் கணக்கில் அவை எல்லாம் ஒரே மரந்தான். பேரியின் பெரும்பாலான வகைகளில் சூல்தண்டு (பூவின் சூலகத்துக்கு மேலுள்ள தண்டு) தன் வகை மகரந்தத்தை இனங்கண்டு, அதிலிருந்து சூலை நோக்கி நீளும் குழாயை வளரவிடாமல் தடுத்துவிடுவதால், மரம் முழுக்கப் பூத்தும் காய் பிடிப்பதில்லை. ஆகவே மகரந்தம் தரும் துணைமரம் வேறு வகையாக இருக்க வேண்டும். அதிலும் பார்ட்லெட், செக்கல் என்ற பேரி வகைகள் போல ஒன்றுக்கொன்று ஒவ்வாத சோடிகள் உண்டு.

இலங்கை மலைநாட்டின் நுவரெலியா, வெலிமடைப் பக்கத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் பூக்கும் காலம். ஐரோப்பியப் பேரி வகைகள் பலவற்றுக்கு 7 பாகை செல்சியசுக்குக் குறைவான குளிர் பல நூறு மணித்தியாலங்கள் வேண்டும். தை, மாசியில் இங்கே இரவில் உறைபனி விழுந்தாலும் பகல் வெயில் சுடுவதால் அந்தக் கணக்கு நிறைவதில்லை. குளிர் போதாத மரம் ஒரே வீச்சில் பூக்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும் என்பதால், குளிர்நாட்டாரின் பூப்பு அட்டவணையை நம்பிக் கன்று வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. குறைந்த குளிரில் பூக்கும் வகைகளிலேயே சோடி தேடலாம். புளோர்டாகோம், ஹூட் ஆகியவை அவ்வாறு சேர்த்து நடப்படுபவை. முடிந்தால் அயல் தோட்டங்களில் எது எப்போது பூக்கிறதென்று ஒரு பருவம் குறித்து வைத்த பின் வாங்குவது நல்லது.

மகரந்தத்தைத் தேனீக்கள்தான் சுமந்து வரவேண்டும் என்பதால், துணைமரம் தூரத்தில் நின்றால் பயனில்லை. பேரிப் பூவின் தேனில் இனிப்புக் குறைவு. அருகில் கடுகு பூத்திருந்தால் தேனீக்கள் அங்கேதான் போகும். துணைமரத்தால் பழத்தின் சுவை மாறுமா என்று மாமா ஒருவர் கேட்டார். மாறாது, சதை தாய்மரத்தினுடையது, விதை மட்டுமே கலப்பு.

இரண்டு மரத்துக்கு இடமில்லாத முற்றத்தில், இருக்கும் மரத்திலேயே துணைவகையின் கிளையொன்றை ஒட்டுக் கட்டி, கவாத்தின்போது வெட்டுப்படாமலிருக்க அதில் நிறத்துணி கட்டிவிடலாம். அது பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை வேறு வகையின் பூத்த கொப்புகளைத் தண்ணீர் வாளியில் இட்டு, மரம் பூக்கும் நாட்களில் அடியில் வைத்து, வாடியதும் மாற்றிக்கொண்டிருந்தால் போதும்.