ஆள் 18

என் வரவு செலவு நோட்டில் இந்தக் குறுவை நெல் நடவு அன்றைக்கு எழுதியிருப்பது ஒரே வரி: "நடவு, ஏஜெண்ட், ஆள் 18, ரூ. 29,700." போன வாரம் உரக்கணக்கு பார்க்க நோட்டைப் புரட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. அப்பா எழுதிய பழைய நோட்டுகளில் நடவு என்றால் ஒரு பக்கம் நிறைய பெயர்கள் இருக்கும், இன்னார் மகள், இன்னார் மருமகள், அரை நாள், முழு நாள், தீபாவளிக்கு வாங்கிய முன்பணத்தில் இவ்வளவு பிடித்தது என்று. என் நோட்டில் ஒரு எண்தான்.

நீடாமங்கலம் பக்கம் எங்களுக்கு ஒரு வேலி நிலம், இருபது மா, ஏக்கரில் சொன்னால் 6.6. மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் வந்து ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில் பிரிந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவதற்குள் நாற்று தயாராக இருக்க வேண்டும். தயாரான நாற்று காத்திருக்காது. குறுவை ரகத்துக்கு வயது மொத்தமே நாலு மாதத்துக்குள், அதில் நாற்றங்காலிலேயே ஒரு வாரம் கூடுதலாக நின்றால் நட்ட பிறகு தூர் கட்டுவது, அதாவது பக்கக் கிளை விடுவது, குறைந்துபோகும். எல்லாருக்கும் ஒரே பத்து நாளில் ஆள் வேண்டும். வெளியாட்களைக் கூட்டிவந்து விடும் ஏஜெண்டின் தொழில் மொத்தமும் அந்தப் பத்து நாளில்தான் ஓடுகிறது.

எனக்கு வாய்த்த ஏஜெண்ட் மேற்கு வங்காளத்து ஆட்களை இறக்குகிறவர். நாற்று பறிப்பு, நாற்று முடியை (கட்டை) வயலுக்குச் சுமப்பது, நடவு எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 4,500 ரூபாய். டீ, வடை, சாப்பாடு எதுவும் கிடையாது, மோட்டார் கொட்டகையில் படுக்க இடம் கொடுத்தால் போதும் என்றார். அவர் சொன்ன தேதிக்கு ஆள் வரவில்லை, பத்து வேலிக்காரர் ஒருவர் வயலுக்குத் திருப்பிவிட்டுவிட்டார். எனக்கு என்ன செய்ய முடியும்? ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. ஆறு நாள் கழித்து விடியற்காலை ஒரு வேனில் பதினெட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். கயிறு கட்டி, பேச்சே இல்லாமல், மழையிலும் நிற்காமல் ஒன்றரை நாளில் முடித்துவிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு வேலை. ஆனால் ஏக்கர் கணக்கில் கூலி என்பதால் கை ஓடுகிறது, குத்துக்குக் குத்து இடைவெளியும் கூடிக்கொண்டே போகிறது. "கொஞ்சம் நெருக்கி நடுங்கப்பா" என்றால் ஏஜெண்டிடம் பேசச் சொல்கிறார்கள், ஏஜெண்டிடம் பேசினால் ஆட்களிடம் சொல்லச் சொல்கிறார்.

முதல் நாள் மதியம் ஒரு பையனுக்குக் காலில் குவார்ட்டர் பாட்டில் சில்லு ஏறிவிட்டது. (நம்மூர் ஆட்கள் வரப்பில் உட்கார்ந்து குடித்துவிட்டு வயலுக்குள் வீசுகிறார்களே, அதேதான்.) ஏஜெண்டுக்கு மூன்று தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். சீட்டு எழுதுகிற அம்மா பெயர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வயது, ஊர்? அதுவும் தெரியாது. "உங்க வயல்ல வேலை பார்க்கிற பையன்தானே?" என்று அவர் கேட்டபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவனே சொன்னான், அவர் இரண்டு தடவை கேட்டுத் தனக்குப் புரிந்த மாதிரி எழுதிக்கொண்டார். ஊசி போட்டுக் கட்டுப் போட்டார்கள். வெளியே வாங்கிய மாத்திரை, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 350 ரூபாய். சாயங்காலம் ஏஜெண்ட் போனை எடுத்தார். "நீங்க பார்த்தது ரொம்ப நல்லதாப் போச்சுண்ணே, அந்தக் காசைக் கணக்குல கழிச்சுக்குங்க." நானும் கழித்துக்கொண்டேன்.

துபாயில் நாலு வருஷம் இருந்ததில் எனக்கு மிச்சம் கொஞ்சம் இந்தி. அன்று இரவு கொட்டகையில் அந்தப் பையனோடு பேசிக்கொண்டிருந்தேன். முர்ஷிதாபாத் பக்கமாம், பத்தொன்பது வயது. கும்பலுக்கு ஏஜெண்ட் தருவது ஏக்கருக்கு 3,600, அதைப் பதினெட்டாகப் பங்கு போட்டு, அதிலிருந்து அரிசி, உருளைக்கிழங்கு, ரயில் டிக்கெட், வீட்டுக்கு முன்கூட்டியே கொடுத்த பணம் எல்லாம் கழியும். ஏக்கருக்கு 900 ரூபாய் நடுவில் நிற்கிறது. என் ஒரு வேலிக்கே ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான் தருவது எவ்வளவு என்று அவன் கேட்டான். சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அந்த 900 முழுக்கக் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். ரயிலடியில் போய்க் கூட்டிவருவது, தங்க இடம் பார்ப்பது, மொழி தெரியாத ஊரில் ஒரு பிரச்சினை என்றால் பேசுவது எல்லாம் வேலைதான். ஆள் பிடித்துத் தரும் தரகும் நமக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலேயாவுக்குப் போன நம்மூர்க்காரர்களில் எத்தனையோ பேர் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிப்போனவர்கள்தான். நானே ஏஜெண்டுக்குப் பணம் கட்டித்தான் துபாய் போனேன், சூப்பர்வைசர் வேலை என்று சொல்லி செங்கல் தூக்க விட்டார்கள்.

எங்கள் ஊரிலும் நடவுக்கு ஆள் கூட்டிவருகிற ஒரு அக்கா உண்டு. அவருக்கும் ஒரு ஆள் கூலி கூடுதலாகக் கொடுப்போம். ஆனால் அவரும் அதே சேற்றில் குனிந்து நடுவார், யாருக்கு எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும், ஏமாற்றினால் மறுநாள் அதே தெருக் குழாயடியில் நிற்க முடியாது. அவரிடம் போய், நூறு நாள் வேலை வந்ததிலிருந்து ஆளே கிடைப்பதில்லையே அக்கா என்று டீக்கடையில் எல்லாரும் சொல்வதையே சொன்னேன். "ஒன்பது பேர் இருக்கோம் தம்பி. இந்த வருஷம் எங்களை யாரு வந்து கேட்டீங்க?" என்றார். உண்மைதான், நான் கேட்கவில்லை. போனில் முடிகிற காரியத்துக்கு எதற்குத் தெருவுக்குப் போக வேண்டும் என்று இருந்துவிட்டேன். ஒன்பது பேரால் ஒரு வேலியை ஒன்றரை நாளில் நட முடியாது என்பதும் உண்மை. ஆனால் பாதியை நட்டிருப்பார்கள்.

அறுபதுகளில் கீழத்தஞ்சைக் கூலிப் போராட்டங்களில் பெரிய சண்டையே வெளியாளை இறக்குவது பற்றித்தான். உள்ளூர் ஆள் கூலி கூடக் கேட்டால் அசலூர் ஆளை வைத்து வேலையை முடிப்பது. 1968 டிசம்பர் 25 வெண்மணியில் கூலிக்காரர்கள் குடும்பங்களில் 44 பேரை எரித்தது வரை அது போனது. இப்போது கூலி கேட்டு யாரும் சண்டைக்கு வரவில்லை, அக்கா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் அந்தக் கதை ஞாபகம் வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடினேன். 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில், ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் வேலை வாங்கியவர் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் 20 பேராவது இருக்க வேண்டும். 2020-இல் அதையும் வேறு சில தொழிலாளர் சட்டங்களையும் ஒரே தொகுப்பாக்கியபோது அந்த 20 இன்னும் ஏறி 50 ஆனது. என் வயலில் 18.

நடவு முடிந்து நாலு நாளில் பக்கத்து ஊர் வயலில் அதே கும்பலைப் பார்த்தேன். பையன் காலில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு சேற்றில் நின்றான். விசாரித்தால், ஆஸ்பத்திரிச் செலவு என்று அவன் பங்கில் 700 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். நான் கழித்தது 350. எடுத்துக் கையில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். மீதி 350 எங்கே என்று ஏஜெண்டிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் எங்களுக்குள்ள உள்ள கணக்குண்ணே" என்று பதில்.

நேற்று அவரே கூப்பிட்டார், குறுவை அறுத்த பிறகு நடும் தாளடிக்கு எத்தனை ஏக்கர், எந்தத் தேதி என்று. இந்தத் தடவை வருகிறவர்கள் பெயர், ஊர், வீட்டு போன் நம்பர் எல்லாம் முதலில் வேண்டும், கூலியை அவர்கள் எதிரிலேயே எண்ணிக் கொடுப்பேன், பாதி நிலம் அக்கா ஆட்களுக்கு என்றேன். சிரித்தார். "எதுக்குண்ணே வம்பு, ஆதார் ஜெராக்ஸ் வாட்ஸப்ல அனுப்பிடுறேன்" என்றார். ராத்திரி பதினெட்டு படங்கள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். குறுவைக்கு வந்தவர்களின் கார்டுகளையே திரும்ப அனுப்பியிருக்கிறார், முர்ஷிதாபாத் பையன் பன்னிரண்டாவது படத்தில் இருந்தான். வரப்போவது அவர்கள்தானா என்று கேட்டு அனுப்பினேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.