கடல் படிப்பும் செட்டிநாடும்

காரைக்குடியில் இருந்துகொண்டு கடலியல் முதுகலை படிக்கப் போகிறேன் என்றால், "கப்பல் வேலையா அப்பு?" என்றுதான் தெருவில் ஆச்சிகள் கேட்கிறார்கள். அதுவும் நியாயம்தான். அழகப்பா பல்கலைக்கழகத்துக்குத் தொண்டியில், பாக் விரிகுடாவை ஒட்டியே ஒரு வளாகம் இருப்பதும், கடலியல் துறை அங்கே நடப்பதும் இங்கே பலருக்குத் தெரியாது.

முதுகலையில் எந்தப் பக்கம் போவது என்று பார்த்தால், கணக்கு, இயற்பியல் பிடித்தவர்கள் வளிமண்டல அறிவியல் பக்கம் போகலாம். வங்கக் கடலின் மேல்நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதிலிருந்து எழும் ஆவிதான் புயலுக்குத் தீனி; மாற்றத்தின் வேகத்தைக் கணக்கிடும் வகையீட்டுச் சமன்பாடு இல்லாமல் அங்கே எதுவும் நகராது.

எனக்கு ஆசை கடல்சார் மானிடவியல் மேல்; கடலோடு வாழும் மக்களின் வாழ்க்கையை ஆராய்வது அது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால் இங்கே வந்தோம் என்று செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் வழிவழியாகச் சொல்வார்கள், படியேறி நுழையும்படி வீட்டை உயர்த்திக் கட்டியதும் அந்தப் பயத்தில்தான் என்பார்கள், ஆனால் அதே ஆட்கள்தான் அப்புறம் கப்பலேறி பர்மா போய்த் தேக்கு கொண்டுவந்து முகப்பில் தூண் நிறுத்தினார்கள்! இந்தப் பேச்சையும் 2004 சுனாமியைக் கண்ட நாகப்பட்டினம் மீனவர்கள் சொல்வதையும் சேர்த்துக் கேட்டால் நல்ல ஆய்வு கிடைக்கும்.

கடலை விட்டுவிட்டுச் சீக்கிரம் சம்பளம் வேண்டுமென்றால், வேலையிடத்தில் விபத்தைத் தடுக்கும் பாதுகாப்புப் பொறியியல் சரி. பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரி வைப்பது சட்டப்படி கட்டாயம்.