மோயாற்றுப் பாறுகளை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர்களுக்கு

முதுகலை ஆய்வுக்குப் பாறுகளை (பிணந்தின்னிக் கழுகுகளை) எடுப்பவர்களில் பலர் கூடு எண்ணுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். பாறுக்கு எமன் செத்த மாட்டின் வழியாகத்தான் வருகிறான். மாட்டுக்குப் போட்ட சில வலி மருந்துகள், அதன் பிணத்தைத் தின்னும் பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். அதனால் உங்களுக்கு இருக்கும் நாட்களில் பாதியைக் காட்டுக்கும், பாதியைச் சத்தியமங்கலம், புளியம்பட்டிப் பக்கத்து மருந்துக்கடைகளுக்கும் ஒதுக்குங்க.

புலிகள் காப்பகத்துக்குள் போக வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். கூடு கட்டும் பருவம் அக்டோபர் வாக்கில் தொடங்கிவிடும். விண்ணப்பத்தைக் கோடையிலேயே கொடுத்துவிடுங்க.

வெண்முதுகுப் பாறு ஆற்றோர நீர்மருதில் கூடு கட்டும். ஆண்டுக்கு ஒரே முட்டை. நாம் நெருங்கி, தாய் எழுந்து பறந்தால் வெயிலும் காக்கையும் முட்டையைக் கெடுத்துவிடும். நூறு மீட்டருக்கு அப்பாலேயே நின்று தொலைநோக்கியில் பாருங்க. கூட்டு விளிம்புக்கு மேல் தலையோ வால் நுனியோ மட்டும் அசையாமல் தெரிந்தால் அடைகாக்கிறது என்று குறிக்கலாம். மரத்துக்கு எண் கொடுத்து, ஜிபிஎஸ் புள்ளியோடு படமும் எடுத்து வையுங்க. இல்லாவிட்டால் அடுத்த மாதம் ஒரே கூடு இரண்டாகிவிடும். பறக்கும் பறவைகளிலும் இதே பிழை வரும். பல இடங்களில் ஆட்களை நிறுத்தி, ஒரே நேரத்தில் எண்ணி, பறந்த திசையையும் மணியையும் எழுத வேண்டும்.

மருந்துக்கடை வேலைதான் கடினம். பாறுகளைக் கொன்ற வலி மருந்தான டைக்ளோஃபினாக்கை மாட்டுக்குப் போட 2006-லேயே தடை. மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடாமல் இருக்க, அதையும் 2015-ல் 3 மில்லிக்குள் சுருக்கினார்கள். கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளும் மாட்டுக்கு 2023-ல் தடையாயின. "டைக்ளோ விக்கிறீங்களா?" என்று கேட்டால் எந்தக் கடையிலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "அண்ணா, மாடு காலைத் தாங்குதுங்க, வலி ஊசி ஒண்ணு குடுங்க" என்று கேட்டு, முதலில் எதை எடுத்து நீட்டுகிறார் என்று பாருங்க. மருந்துப் பெயர், குப்பி அளவு, தயாரிப்புத் தேதி மூன்றையும் கடையை விட்டு வெளியே வந்தவுடன் எழுதுங்க.

பாறுக்குக் கேடில்லாத வலி மருந்து மெலாக்சிகாம். அதுக்கு "வலி கேக்கறதில்லீங்க" என்பவர்களிடம் எவ்வளவு போட்டீங்க என்று கேளுங்க. கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் வீதம் 300 கிலோ மாட்டுக்கு 150 மில்லிகிராம் வேண்டும். மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள மருந்தானால் முழுதாக 30 மில்லி. 10 மில்லி போட்டுவிட்டு மருந்தைக் குறை சொல்லக் கூடாது. இந்தக் கணக்கைப் பட்டிக்காரருக்குப் பொறுமையாக விளக்குவதே பெரிய பாதுகாப்பு வேலை.

செத்த பாறு கிடந்தால் தொடாதீங்க. உடனே வனச்சரகருக்குச் சொல்லுங்க. உள்ளுறுப்புகளில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை படிந்திருந்தால் சிறுநீரகம் கெட்டதன் அடையாளம். உடற்கூறாய்வில் எடுக்கும் சிறுநீரகத்தையும் ஈரலையும் ஃபார்மலினில் மட்டும் போட்டுவிட்டால் மருந்து எச்சம் பார்க்க உதவாது. ஒரு பங்கை உறைய வைத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்க.